நூல் அவர்கள் கையில்!

கைப்பேசிச் செயலி ஒன்று மூடப்பட்டதற்கு ஆயிரக்கணக்கானோர் கண்கலங்கினார்கள் என்றால், நமது ஆலைத் தொழிலாளி சிரிக்கக்கூடும். "கதவடைப்பைக் கண்டவன் நான், செயலிக்கு அழுவதா?" என்று கேட்கக்கூடும். சிரிக்க வேண்டாம், தோழர்களே! இதுவும் தறிக்காரர் கதைதான்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கே விசைத்தறியில் ஓடுகிறது. தறி சொந்தம், உழைப்பு சொந்தம், கைத்திறனும் சொந்தம் என்றிருக்கும் கூலி நெசவாளிக்குப் பாவு நூல் மட்டும் சொந்தமில்லை. நூல் வராத நாளில் அந்தச் சொந்தத் தறி என்ன? இரும்பு! வெறும் இரும்பு!

ரெட்டிட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் விவாத மன்றங்களைப் படிப்பதற்கு அப்பலோ என்ற செயலியைச் செய்தவர், கிறிஸ்டியன் செலிக் என்ற கனடா நாட்டு இளைஞர். கம்பெனியின் சம்பளக்காரர் அல்லர். கம்பெனியின் சொந்தச் செயலியைவிட இவருடையது நேர்த்தியாக இருந்ததால் லட்சக்கணக்கானோர் இதைப் பிடித்துக்கொண்டனர். மன்றச் செய்திகளை எடுத்துக்கொள்ள ஏ.பி.ஐ. என்றொரு வாசல் பல ஆண்டுகளாக இலவசமாகத் திறந்திருந்தது. 2023-ல் அதற்கு விலை வைத்தார்கள். ஐந்து கோடி முறை தட்டினால் 12,000 டாலர்! ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் ஆகும் என்று செலிக் கணக்குப் போட்டுக் காட்டினார். விலை தெரிந்த ஒரே மாதத்தில், ஜூன் 30-ல், அப்பலோ நின்றது.

"எங்கள் சரக்கு, எங்கள் விலை" என்பது கம்பெனியின் வாதம். யாருடைய சரக்கு? எழுதியவர்கள் மக்கள். மன்றங்களைக் கட்டிக் காத்தவர்கள் காலணா கூலி வாங்காத தொண்டர்கள். அவர்கள் ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான மன்றங்களை இழுத்து மூடினார்கள். வேலைநிறுத்தம்தான் அது! ஆனால் பலரும் 48 மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முடியும் நாளைச் சொல்லிவிட்டுத் தொடங்கும் வேலைநிறுத்தத்துக்கு எந்த முதலாளி பயப்படுவான்? பார்வையற்றோருக்கு உதவும் சில செயலிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அதுவும் கூக்குரல் எழுந்த பிறகே.

ட்விட்டர் செய்தது இன்னும் கொடுமை. 2023 ஜனவரியில் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்தினார்கள். ட்வீட்பாட் போயிற்று, ட்விட்டரிஃபிக் போயிற்று. "ட்வீட்" என்ற சொல்லையும் பறவைச் சின்னத்தையும் 2007-லேயே புழக்கத்துக்குக் கொண்டுவந்த செயலி அது! வெளியாருடைய செயலிகள் கூடாது என்ற விதியையே ஒரு வாரம் கழித்துத்தான் எழுதினார்கள். தண்டனை முதலில், சட்டம் பிறகு!

பயனாளர்கள் ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் செய்தவர் நொடித்துப்போவார். ஆகவே, "எனக்குப் பணம் திரும்ப வேண்டாம்" என்று அழுத்த ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தியவர்கள் உண்டு. உழைத்தவனுக்கு வாடிக்கையாளன் செய்த மரியாதை!

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பின்னால் பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பால் ஊற்றுபவரே உறுப்பினர். அந்த மாதிரி ஏற்பாட்டுக்குச் சற்று நெருங்கியது மாஸ்டடான். ஒரே முதலாளி கிடையாது. ஆங்காங்கே சிறு சிறு நிலையங்களைப் பலர் நடத்துகிறார்கள். வாசலை ஒருவர் சாத்தினாலும் அடுத்தவர் வாசல் திறந்திருக்கும். ட்வீட்பாட்டைச் செய்தவர்கள், அதே ஜனவரி முடிவதற்குள், மாஸ்டடானுக்கு ஐவரி என்ற செயலியைக் கொண்டுவந்தார்கள். பழைய வாடிக்கையாளர் பலர் பின்னாலேயே போனார்கள்.