ரூத் வேலை செய்த வயலும் நீங்கள் வேலை செய்யும் இடமும்



நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களில் ஒரு வருத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகிப் புது வீட்டுக்கு வந்தவர்கள் என்று பலரும் இதையே எழுதுகிறார்கள். வேதம் வாசிக்க நேரம் கிடைப்பதில்லை, ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, ஆண்டவரை விட்டுத் தூரமாகப் போய்விட்டோமோ என்று பயமாக இருக்கிறது என்கிறார்கள்.

நம் அம்மாக்கள் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, விளக்கைப் போட்டு, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நல்ல பழக்கம், விடக்கூடாத பழக்கம். ஆனால் நைட் டியூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வந்து சேரும் நர்ஸுக்கு விடியற்காலை எது? கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் பெண்ணை 5 மணிக்கு எழுந்திரு என்று யார் சொல்வது?

அந்த ஒரு மணி நேரம் தவறினால் அன்றைக்கு ஆண்டவர் நம்மோடு பேசவே மாட்டார் என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோம். நற்செய்தி நூல்களைத் திறந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இயேசு கதை சொல்லும்போது எங்கிருந்து எடுத்தார்? பெண்கள் தினமும் செய்யும் வேலையிலிருந்து எத்தனை எடுத்திருக்கிறார் பாருங்கள். மத்தேயு 13-இல் ஒரு பெண் மாவில் புளித்தமாவைச் சேர்க்கிறாள். மூன்று படி மாவு என்று வாசித்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்தக் காலத்து அளவைக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளளவு. நூறு பேருக்கு மேல் ரொட்டி சுடலாம். அசன விருந்துக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் காய் வெட்ட உட்காரும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். தோள் வலிக்க மாவு பிசையும் ஒருத்தியைக் காட்டி, பரலோக ராஜ்யம் இப்படித்தான் என்கிறார்.

லூக்கா 15-இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தேடி வருகிற தேவனைப் பற்றி அங்கே மூன்று கதைகள். ஒன்றில் மேய்ப்பன், ஒன்றில் தகப்பன். நடுவில் இருப்பவள் துடைப்பத்தோடு வீட்டைப் பெருக்கும் பெண். அவளிடம் இருந்தது பத்து வெள்ளிக்காசு, தொலைந்தது ஒன்று. ஒரு காசு ஒரு நாள் கூலி. விளக்கைக் கொளுத்தி, மூலை முடுக்கெல்லாம் பெருக்கித் தேடுகிறாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். தேவனைப் பற்றிப் பேச அந்தப் பெண்ணும் அந்தத் துடைப்பமும் இயேசுவுக்குப் போதுமானதாக இருந்தது. நாசரேத்தில் அந்தச் சின்ன வீட்டில் தாய் செய்த வேலையை அவர் கவனித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

கவனித்துப் பார்ப்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களிடம் பேச நினைத்தேன். அன்றாட வாழ்க்கையில் விசுவாசப் பாடம் என்றதும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும் வாசகங்கள் நினைவுக்கு வருகின்றன. பால் பொங்கினால் ஒரு பாடம், பூ வாடினால் ஒரு பாடம். அவற்றைக் குறை சொல்லவில்லை, யாரோ ஒருவரைத் தேற்றியிருக்கும். ஆனால் பொருளைப் பார்த்துப் பாடம் எடுக்கும் அவசரத்தில் பக்கத்தில் நிற்கும் மனுஷியைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது, இல்லையா?

ரூத் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தை, வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் ஒரு நாளாக வாசித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அதைக் கல்யாணக் கதையாகவே சொல்லிக் கேட்டிருக்கிறோம். கல்யாணம் நான்காம் அதிகாரத்தில்தான் வருகிறது. இரண்டாம் அதிகாரம் முழுக்க வேலை. வெளியூர்க்காரி, மோவாப் தேசத்துப் பெண், இளம் விதவை. வீட்டில் வயதான மாமியார். பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு. அறுக்கிறவர்கள் சிந்தினதை ஏழைகளுக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அந்தச் சட்டத்தை நம்பி வயலுக்குப் போகிறாள் ரூத்.

அங்கே வயலின் சொந்தக்காரன் போவாஸ் என்ன செய்கிறான் என்பதை வரிவரியாகப் பாருங்கள். வேலைக்காரப் பெண்களோடு சேர்ந்தே இரு என்கிறான். உன்னைத் தொடக் கூடாது என்று ஆண்களுக்குச் சொல்லியிருக்கிறேன் என்கிறான். தாகம் எடுத்தால் வேலைக்காரர்கள் மொண்டு வைத்த தண்ணீரையே குடித்துக்கொள்ளலாம் என்கிறான். சாப்பாட்டு நேரத்தில் கூட உட்கார வைக்கிறான். வேண்டுமென்றே கொஞ்சம் கதிர்களைச் சிந்திவிடுங்கள், அவள் பொறுக்கும்போது அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்கிறான்.

சாயங்காலம் வீட்டில் மாமியார் நகோமி சொல்வதையும் கவனியுங்கள். அவன் வீட்டுப் பெண்களோடேயே போ, வேறு வயலில் உனக்கு யாராவது தொல்லை கொடுக்காமல் இருக்கட்டும் என்கிறாள். நம் வீட்டில் அம்மா சொல்வது போலவே இருக்கிறதா? வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்கு வரும் ஆபத்து வேதத்துக்குத் தெரியும். அது வெளிப்படையாகப் பேசப்பட்டிருக்கிறது. நாம்தான் அந்த வசனங்களை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு ஆபீஸுக்குப் போனால் கண்ணில் படுவது வேறாக இருக்கும். ஹவுஸ்கீப்பிங் அக்கா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? நாம் குடிக்கும் தண்ணீர் கேனிலேயே அவரும் பிடித்துக்கொள்கிறாரா, அல்லது அவருக்குத் தனி பாட்டிலா? ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வந்திருக்கும் பெண்கள் உங்கள் லைனில் இருந்தால், அவர்களோடு சேர்ந்து சாப்பிட யாராவது இருக்கிறார்களா? அறுப்பு வயலில்கூட ரூத் கொஞ்ச நேரம் போய் இருக்க ஒரு குடிசை இருந்தது. நம் ஊர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப் போடும் பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல்தான் சட்டத் திருத்தம் வந்தது. கிறிஸ்மஸ் துணி எடுக்கப் போகும்போது அந்தக் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்குகிற நாம் மரியாதையாக ஒரு வார்த்தை கேட்கலாமே.

ரூத்திடம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் கொடுத்த வறுத்த தானியத்தைத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை மாமியாருக்கு எடுத்து வருகிறாள். ஆபீஸில் கொடுத்த லட்டைப் பேப்பரில் மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! ஒன்று மட்டும் கவனியுங்கள். அவள் முதலில் தானும் வயிறாரச் சாப்பிட்டாள். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழும்பும் பழக்கத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நடப்பது எல்லாம் பாடம் அல்ல. பஸ்ஸில் ஒருவன் உரசினால், மேனேஜர் ராத்திரி பத்து மணிக்குத் தேவையில்லாத மெசேஜ் அனுப்பினால், வீட்டில் கணவன் கை நீட்டினால், ஆண்டவர் எனக்குப் பொறுமையைக் கற்றுத் தருகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்லிக் கொடுக்கும் பெரியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது சரியல்ல. லூக்கா 18-இல் இயேசு காட்டும் விதவை அநியாயத்தைச் சகித்துக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. நியாயம் கேட்டு நியாயாதிபதியிடம் மறுபடியும் மறுபடியும் போனாள். ஜெபத்தில் சோர்ந்துபோகாதிருக்க அவளைத்தான் உதாரணமாகக் காட்டினார். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகாரை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. ஜெபித்துவிட்டு அந்த எண்ணை அழுத்தலாம். அழுத்திவிட்டும் ஜெபிக்கலாம்.

வேலையும் விசுவாசமும் கைகோத்த கதை நம் மண்ணிலேயே இருக்கிறது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்ல்ஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அங்கே லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் மாதிரித் தாளை விரித்து, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. கண்ணும் கையும் ஒரு நொடி பிசகக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரில் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். அந்த வழக்கம் சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிய பெண்கள் இருந்தார்கள். மார்த்தாவின் மகள் எலைசா, மிஷனெரி கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையை அங்கேயும் கொண்டுபோனார்.

அந்தப் பெண்களுக்கு விடுதலை என்பது கோயிலில் கேட்ட சொல் மட்டும் அல்ல, கையில் எண்ணி வாங்கிய கூலியும்கூட. உங்கள் சம்பளம் யார் கையில் இருக்கிறது? கேட்கக் கூடாத கேள்வி என்று நினைக்காதீர்கள். அப்பா, அண்ணன் கையில் கொடுப்பது தப்பில்லை, பல வீடுகளில் கடன் இருக்கிறது, தம்பி படிப்பு இருக்கிறது. ஆனால் ஏடிஎம் கார்டே கையில் இல்லாத பெண் காணிக்கை போடுவதற்கும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறதே! பிலிப்பியில் லீதியாள் இரத்தாம்பரம் விற்றுச் சம்பாதித்தாள். பவுலையும் கூட வந்தவர்களையும் தன் வீட்டில் வந்து தங்கும்படி வருந்திக் கேட்டுக்கொண்டாள்.

கையில் காசே இல்லாத பெண்களும் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்துக் கிராமங்களிலும் இருந்தது. மிசோரம் பெண்கள் 1910-இல் அதைத் தொடங்கினார்கள். இன்றும் அங்கே அது சபை ஊழியத்தைத் தாங்குகிறது. பணப்பெட்டி ஆண்கள் கையில் இருந்தது, அரிசிப்பானை பெண்கள் கையில் இருந்தது. தன் கையில் எது இருக்கிறது என்று பார்த்து, அதில் தானே முடிவு செய்தார்கள்.

அப்படியானால் வேதம் வாசிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வாசிக்காமல் இதில் எதையும் பார்த்திருக்க முடியாதே! ரூத்தைத் தெரிந்தால்தான் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் தண்ணீர் பாட்டில் கண்ணில் படும். நேரம் இல்லாதவர்களுக்கு என் யோசனை இதுதான். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு அதிகாரம். பஸ்ஸில் போனில் வாசித்தாலும் சரி, டீ பிரேக்கில் வாசித்தாலும் சரி. அதே அதிகாரத்தை ஏழு நாளும் வாசியுங்கள். மூன்றாம் நாளுக்கு மேல் அதில் வரும் ஆட்கள் உங்களோடு வேலைக்கு வர ஆரம்பிப்பார்கள்.

இந்த மாதம் ரூத் 2 வாசிப்போம். வாசித்துவிட்டு, நீங்கள் வேலை செய்யும் இடத்தில், கல்லூரியில், அல்லது வீட்டில் பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள். பாடமாக மாற்றி எழுத வேண்டியதில்லை, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினால் போதும். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம், ஊரையும் சொல்ல மாட்டோம். நைட் ஷிப்ட் தங்கைகள் நாலு வரி எழுதினாலும் போதும். அடுத்த இதழில் உங்களுக்காக இரண்டு முழுப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்