காதையும் கொஞ்சம் திறந்து வைப்போம்

கார்வேட்டிநகரத்தில் நம்மவர் நாலு பேர் டீக்கடை பெஞ்சில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் எல்லைப் பிரச்னையில் வந்துதான் நிற்கும். "சித்தூர் நமக்கு வந்திருக்க வேண்டியது" என்பார் ஒருவர். மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியவன்தான்.

சென்ற மாதம் அந்தப் பெஞ்சில் ஒரு தெலுங்குப் பெரியவரும் இருந்தார். "நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்று தமிழிலேயே கேட்டார். "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பெரியவரே" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன். டிக்கெட் கவுன்ட்டரில் பழகிய குணம் அது. ஆள் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவது. அவர் கோபிக்கவில்லை. டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மனம் உறுத்தியது. மறுநாள் தேடிப் போய்க் கேட்டேன். அவருடைய அக்காளைத் திருத்தணிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது, அக்காள் வீடு ஒரே நாளில் வெளி ராஜ்யமாகிவிட்டது. "நீங்கள் சித்தூர் போயிற்று என்கிறீர்கள். எங்கள் வீட்டில் திருத்தணி போயிற்று என்று அழுதோம், தம்பி" என்றார். இழந்தவர்கள் நாம் மட்டுமே என்று இத்தனை நாள் நினைத்திருந்த எனக்கு, இது புதுச் செய்தி.

சரித்திரமும் இதைத்தான் சொல்லுகிறது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அதில் சேர்ந்தது. ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. பிறகு எச்.வி.படாஸ்கர் மத்தியஸ்தராக வந்தார். யார் குரல் பெரியது என்று அவர் பார்க்கவில்லை. கிராமத்தை அலகாக வைத்து, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழி எது, நிலம் எதனோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டு வட்டாரமும் தமிழகம் வந்தன. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. 1959-ல் பார்லிமெண்ட் அதைச் சட்டமாக்கியது. இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் இரு சர்க்கார்களும் அதை ஏற்றன.

இந்த ஊர் ஜமீன் சபையில் இருந்த சாரங்கபாணியின் தெலுங்குப் பதங்களை நம் பரத நாட்டிய மேடைகளில் ரசிக்கிறோம். பாட்டாக வந்தால் கேட்கிற காது, பேச்சாக வந்தால் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

கேட்பது என்றால் விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமல்ல. நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் வேண்டும், தமிழாசிரியர் வேண்டும் என்று கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் நம் மனுவை அதிகாரி பொறுமையாகக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அடுத்த வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்க மறுப்பது நியாயமா?

திருக்குறளில் 'கேள்வி' 42-வது அதிகாரம், 'சொல்வன்மை' 65-வது. முதலில் கேள், பிறகு பேசு என்று அந்த வரிசையே சொல்வதாக எனக்குப் படுகிறது.

சித்தூர் பற்றிய என் அபிப்பிராயம் அடியோடு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்லும் தொனி மாறியிருக்கிறது. இப்போது அந்தப் பெரியவர் வந்தால் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்கிறோம். அவர் பேசி முடிக்கும்வரை என் டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை.