புகாருக்கு ஒரு பக்கம், நன்றிக்கு ஒரு எமோஜியா? கையால் எழுதும் நன்றிக் கடிதம் ஏன் இன்னும் தேவை?

ஆர்டர் செய்த பிரியாணியில் தயிர்ப் பச்சடி இல்லை. உடனே ஆப்பைத் திறந்து ஒரு புகார் போகிறது. ஆர்டர் எண், பார்சல் வந்த நேரம், போட்டோ, கஸ்டமர் கேரில் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் அதில் இருக்கும். அதே ஆள், ராத்திரி இரண்டு மணி வரை கூடவே உட்கார்ந்து தன் கோடில் இருந்த பிழையைத் தேடிக் கொடுத்த சக ஊழியருக்கு என்ன அனுப்புகிறார்? ‘தேங்க்ஸ் ப்ரோ’. கூடவே ஒரு கைகூப்பும் எமோஜி. அதுவும் ஆபீஸ் குரூப்பில். பத்து நிமிடத்தில் அதற்கு மேல் முப்பது மெசேஜ் ஏறிவிடும்.

அன்பு குறைந்துபோனதால் இப்படி நடக்கவில்லை. புகார் எழுதும்போது இருக்கும் துல்லியம் நன்றி சொல்லும்போது காணாமல் போய்விடுகிறது, அவ்வளவுதான். இதற்கு வாட்ஸ்அப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பொங்கல் வாழ்த்து அட்டைகள் குவிந்த 1990களில் மட்டும் என்ன வாழ்ந்தது? அச்சடித்த வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள்தான் அதிகம். ரெடிமேட் அன்பு அப்போதும் இருந்தது.

வெற்றுத்தாளில் கையால் நன்றி எழுதுவது இதிலிருந்து வேறுபட்டது. ‘மிக்க நன்றி’ என்று எழுதிய பிறகும் முக்கால் பக்கம் காலியாகக் கிடக்கும். அதை நிரப்ப வேண்டுமானால், அந்த ஆள் என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் என்ன மாறியது என்று யோசித்தே ஆக வேண்டும். இந்தப் பழக்கத்தின் முழு மதிப்பும் அந்த யோசனையில்தான் இருக்கிறது.

ஒரு வக்கீலின் 365 குறிப்புகள்

ஜான் க்ராலிக் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் வழக்கறிஞராக இருந்தவர். 2008 பிறந்தபோது அவருடைய நிலைமை எல்லாப் பக்கமும் மோசம். சட்ட அலுவலகம் நஷ்டத்தில் ஓடியது. இரண்டாவது விவாகரத்து நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில், பிரிந்துபோயிருந்த தோழி ஒருவரிடமிருந்து, கிறிஸ்துமஸ் பரிசுக்கு நன்றி சொல்லி ஒரு குறிப்பு வந்தது. சின்ன வயதில் தாத்தா சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு வெள்ளி டாலரைக் கொடுத்து, ‘இதற்கு நன்றிக் கடிதம் எழுதினால் இன்னொன்று அனுப்புவேன்’ என்று சொல்லியிருந்தார் தாத்தா. பையன் எழுதினான், இரண்டாவது டாலர் வந்தது. அதற்கு எழுதவில்லை, மூன்றாவது வரவேயில்லை.

நாளுக்கு ஒன்று வீதம் 365 நன்றிக் குறிப்புகள் எழுதுவது என்று க்ராலிக் முடிவு செய்தார். ஆரம்பம் சுலபம்: வந்த பரிசுகளுக்கு எழுதினால் போதும். அது தீர்ந்த பிறகுதான் சிக்கல். இன்னும் முந்நூற்றுச் சொச்சம் பேரை எங்கே தேடுவது? அப்போதுதான் அவர் கண்ணில் பட்டார், தினமும் தன் பெயரைச் சொல்லி வரவேற்றுக் காபி கொடுக்கும் கடை ஊழியர். அவருக்கும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். உறையைப் பார்த்ததும் அந்த ஊழியருக்கு முகம் மாறிவிட்டது. புகார்க் கடிதம் என்று நினைத்துவிட்டார்!

வேலை செய்யும் இடத்தில் ஒருவர் கையில் கவர் கொடுத்தால் அது கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று ஒரு மனிதர் நினைக்கிறார் என்றால், அதுவரை அவருக்கு என்னென்ன கவர்கள் வந்திருக்கும் என்று யோசிக்கலாம்.

க்ராலிக் பின்னாளில் நீதிபதியானார், அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார். நன்றிக் கடிதம் எழுதினால் நீதிபதி ஆகலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: நாளைக்கு யாருக்காவது எழுதியாக வேண்டும் என்பவர், இன்றைக்குச் சுற்றி நடப்பதைப் பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு கடிதம் எழுதுவதற்கும் பழக்கமாக எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

‘திடீர்னு லெட்டர் போட்டா என்ன நினைப்பாங்க?’

நன்றி எழுதாமல் இருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் கூச்சம் அதைவிடப் பெரிய தடை. பத்து வருஷம் கழித்துப் பழைய டீச்சருக்குக் கடிதம் போட்டால் அவர் என்ன நினைப்பார்? ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று நினைத்துவிட்டால்?

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் கூச்சத்தையே அளந்து பார்த்தார்கள். அந்த ஆய்வு 2018இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளியானது. தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி சிலரிடம் கேட்டுக்கொண்டார்கள். படிப்பவர் எவ்வளவு ஆச்சரியப்படுவார், எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று எழுதியவர்களையே கணிக்கச் சொன்னார்கள். பிறகு, கடிதம் பெற்றவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். கணிப்புகள் வரிசையாகத் தவறின. நினைத்ததைவிட ஆச்சரியமும் மகிழ்ச்சியும் அதிகம், சங்கடம் குறைவு. எழுதுபவர் தன் வார்த்தைகள் சரியாக அமைந்தனவா என்று கவலைப்படுகிறார். படிப்பவரோ அதிலிருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஆய்வின் கடிதங்கள் மின்னஞ்சலில் போனவை. பேனாவுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. விவரமாக எழுதிய ஒரு மெயில், ‘எல்லாவற்றுக்கும் நன்றி’ என்று மட்டும் எழுதிய அழகான அட்டையைவிட எவ்வளவோ மேல்.

அப்படியானால் கையால் எழுதுவது எதற்கு? மெசேஜ் வந்தால் பதில் போட வேண்டும் என்ற கடனும் கூடவே வரும். நீல டிக் விழுந்தாச்சு, இன்னும் ரிப்ளை இல்லை என்ற கணக்கும் ஓடும். காகிதத்தில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, போன் மாறும், சாட் அழியும், பேக்கப் எடுக்க மறந்துபோகும். காகிதம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பல வருஷம் கிடக்கும். எழுபது வயதானவருக்கு எழுதும்போது இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயமே இல்லை.

ஏன் பழக்கம், ஏன் ஒருமுறை போதாது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்டது அது. சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தவர்களின் மகிழ்ச்சி உடனே நன்றாக உயர்ந்தது, ஒரு மாதம் வரை நீடித்தது. மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

நமக்குள்ள என்ன தேங்க்ஸ்?

தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. அம்மாவிடம் ‘தேங்க்ஸ்மா’ என்று சொன்னால், ‘என்னடா புதுசா?’ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். நண்பனிடம் சொன்னால், ‘நமக்குள்ள என்னடா தேங்க்ஸ்?’ என்பான். நெருங்கியவர்களிடம் நன்றி சொல்வது அவர்களை அந்நியராக்குவது போன்ற உணர்வு இங்கே இருக்கிறது. அது போலி அல்ல, மதிக்க வேண்டிய உணர்வுதான். மேடையில் மட்டும் தவறாமல் நன்றியுரை உண்டு. கூட்டம் பாதி எழுந்து போன பிறகு, பந்தல் போட்டவர் முதல் மைக் செட்காரர் வரை எல்லோருக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்படும் அது.

ஆனால் ‘நன்றி’ என்ற சொல் ஆதியில் இப்படி வாயால் சொல்லும் சம்பிரதாயத்தைக் குறிக்கவில்லை. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அந்த நன்மையை அறிவதுதான் தலைப்பு, சொல்வது அல்ல. இனிமையாகப் பேசுவதற்குத் தனியாக 10ஆம் அதிகாரமே இருக்கிறது, இனியவை கூறல். இரண்டையும் வள்ளுவர் குழப்பிக்கொள்ளவில்லை.

அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு எழுதும் குறிப்பில் ‘தேங்க்ஸ்’ என்ற வார்த்தையே வேண்டியதில்லை. ‘காலேஜ் ஃபீஸ் கட்ட அந்த வளையலை அடகு வைத்தது எனக்கு அப்போதே தெரியும்’ என்று ஒரு வரி போதும். இதை நேரில் சொல்ல வாய் வராது. எழுதினால் வரும்.

இந்திரா நூயி செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். சென்னையில் பிறந்து வளர்ந்த அவர் 2006இல் பெப்சிகோவின் தலைமைச் செயல் அதிகாரியானார். அதன் பிறகு அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தபோது நடந்ததை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காலையிலேயே டிரஸ் மாற்றிக்கொண்டு ஹாலில் உட்காரச் சொன்னாராம் அம்மா. உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் வரிசையாக வந்தார்கள். இவரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு நேராக அம்மாவிடம் போய், பெண்ணை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார்கள். தன்னிடம் வேலை செய்யும் உயர் அதிகாரிகளின் பெற்றோருக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லையே என்று அவருக்குத் தோன்றியது. எழுதத் தொடங்கினார். பிள்ளை கம்பெனியில் என்ன வேலை செய்கிறார், அதனால் என்ன பயன் என்பதைச் சொல்லி, அவரை வளர்த்ததற்கு நன்றி தெரிவிக்கும் கடிதங்கள். ஆண்டுக்குச் சுமார் 400.

மகன் ஐ.டி.யில் இருக்கிறான் என்பதைத் தாண்டி அவன் என்ன வேலை செய்கிறான் என்று தெரியாத பெற்றோர் தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! அவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் தெருவே படித்துவிடும்.

பாராட்டு சம்பளம் ஆகாது

கேம்பல் சூப் நிறுவனத்தை 2001 முதல் 2011 வரை நடத்திய டக் கோனன்ட், அந்தக் காலத்தில் ஊழியர்களுக்குச் சுமார் 30,000 குறிப்புகளைக் கையால் எழுதினார். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒருவர் செய்த குறிப்பிட்ட வேலையைப் பற்றியது. 2009இல் அவர் கார் விபத்தில் பலத்த காயமடைந்தபோது, ஊழியர்களிடமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. மேலாண்மைக் கருத்தரங்குகளில் சொல்லி மகிழும் கதை இது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு எச்.ஆர். டிபார்ட்மெண்ட் ‘நன்றி வாரம்’ அறிவித்து, எல்லோருக்கும் ஒரே வாசகம் அச்சடித்த அட்டையைக் கொடுத்தால் அது தயிர்ப் பச்சடி இல்லாத பிரியாணி மாதிரிதான். அதைவிட மோசம், இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்ட வருஷத்தில் அந்த அட்டை வருவது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு என்பதுதான் முதல் நன்றி. காசுக்குப் பதிலாக வரும் பாராட்டை ஊழியர்கள் சரியாகவே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் இதே கணக்குத்தான். தீபாவளி போனஸ் இருக்கும் கவருக்குள் குறிப்பு இருக்கலாம். போனஸுக்குப் பதிலாக இருக்கக் கூடாது. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், எழுதிய விவரத்தை நேரில் சொல்ல வேண்டியதுதான். ‘மிக்ஜாம் புயலப்போ முட்டளவு தண்ணில வந்து பாட்டிக்குச் சாப்பாடு கொடுத்தீங்களே அக்கா’ என்று சொல்வதற்குக் காகிதம் தேவையில்லை. இரண்டு வருஷம் கழித்தும் அதை மறக்காமல் இருப்பதுதான் தேவை.

அரசு மருத்துவமனையில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கு எழுதுவதாக இருந்தால், ஒரு நகலை டீன் அலுவலகத்துக்கும் அனுப்பலாம். புகார் என்றால் முதலமைச்சர் தனிப்பிரிவு வரை நகல் போகிறதே. வார்டு எண், தேதி, ஷிப்ட், பெயர் என்று புகாருக்குக் கொடுக்கும் அத்தனை விவரமும் இதிலும் இருக்கட்டும்.

எழுத உட்கார்ந்தால்

பிளஸ் டூவோடு தமிழில் கையால் எழுதுவதை விட்டவர்களுக்கு முதல் பயம் எழுத்துப்பிழை. இந்த இடத்தில் சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா? இரண்டு சுழியா, மூன்று சுழியா? தங்கிலீஷில் டைப் செய்தே பழகியவர்களுக்கு இது நிஜமான தடை. தமிழ் ஆசிரியருக்கு எழுதுபவர்கள் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. மற்றபடி அடித்தல் திருத்தலோடு போனாலும் கெடுதல் இல்லை.

நீளமும் தேவையில்லை. நாலைந்து வரி போதும். ‘நலம், நலமறிய ஆவல்’ பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம். தினம் ஒன்று என்று க்ராலிக் மாதிரி இறங்கினால் மூன்றாவது வாரம் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்பது நடக்கக்கூடிய காரியம்.

செலவு பெரிதில்லை. தபால் நிலையத்தில் போஸ்ட் கார்டு 50 காசு, இன்லேண்ட் லெட்டர் 2.50 ரூபாய். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டபோது, தபாலே நின்றுவிட்டதாகப் பலர் நினைத்துக்கொண்டார்கள். சாதாரணக் கடிதம் அப்படியேதான் போய்க்கொண்டிருக்கிறது. போஸ்ட் கார்டை போஸ்ட்மேனும் படிக்கலாம், வாட்ச்மேனும் படிக்கலாம். வளையல் விவகாரத்தை அதில் எழுத முடியாது. ஆனால் பாராட்டு என்றால் நாலு பேர் படித்தால் நல்லதுதானே?

முதல் கடிதம் யாருக்கு என்று குழம்புபவர்கள் பள்ளி ஆசிரியரில் தொடங்கலாம். வீட்டு முகவரி தெரியாவிட்டால், அவர் பெயர், நடத்திய பாடம், எந்த ஆண்டு என்று எழுதி, ஆறு இலக்க பின்கோடோடு பள்ளி முகவரிக்கே அனுப்பலாம். அவர் ஓய்வு பெற்றிருந்தாலும், ஆபீஸில் யாராவது ஒருவருக்கு அவர் வீடு தெரிந்திருக்கும்.