முப்பது நாள் கயிறு



அமெரிக்காவில் எஸ்.எஸ்.ஐ. என்றொரு உதவித்தொகை இருக்கிறது. வயதானவர்கள், பார்வையற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களில் கையில் காசில்லாதவர்களுக்கு மத்திய அரசு மாதாமாதம் தருவது. 1972-இல் நிக்சன் கையெழுத்துப் போட்ட சட்டம். 1974 ஜனவரியில் முதல் பணம் வந்தது. 2025-இல் தனி ஆளுக்கு மத்திய அரசு கொடுத்த உச்சத் தொகை மாதம் 967 டாலர். பெருநகரத்தில் அது வாடகைக்கே காணாது. அந்தப் பணத்தோடு ஒரு கயிறும் வருகிறது. கயிற்றின் நீளம் முப்பது நாள்.

தொடர்ந்து முப்பது நாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் பணம் நிற்கும். ‘திரும்பி வந்துட்டேன்’ என்று சொன்னதும் மறுபடி வந்துவிடாது. உள்ளே வந்து தொடர்ந்து முப்பது நாள் இருந்து காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் நின்றுபோனால் பழைய மனு செத்தது. புதிதாக மனுப் போட்டு, ‘எனக்கு முடியலை, என்னிடம் காசும் இல்லை’ என்று முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். படைவீரரின் பிள்ளைகள், படிக்கப் போகும் சில மாணவர்கள் என்று ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. தாய் செத்துப் போனாள் என்பது அந்த விலக்குகளில் இல்லை.

1974 ஜூலைக் கடைசியில் அஸ்னவோரியன் என்ற அமெரிக்கப் பெண் மெக்சிகோவின் குவாடலஹாரா நகரத்துக்குப் போனார். போன இடத்தில் நோயில் விழுந்தார். செப்டம்பர் முதல் தேதிதான் திரும்ப முடிந்தது. ஆகஸ்ட் பணம் இல்லை, வெளியே இருந்தாய் என்றார்கள். செப்டம்பர் பணமும் இல்லை, வந்து முப்பது நாள் ஆகவில்லை என்றார்கள். அன்றைக்கு உச்சத் தொகையே 146 டாலர்தான். அவர் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் உரிமை வேறு, வெளிநாடு போகும் சுதந்திரம் வேறு. பின்னதைக் கொஞ்சம் சுருக்கினால் அரசு பெரிதாகக் காரணம் காட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பு. உள்நாட்டில் வாழ்கிறவரின் தேவைக்காகக் கொடுக்கும் பணம், வெளியே இருக்கிறவருக்கு எதற்கு என்பது அரசின் வாதம்.

நான் கேட்கிறேன்: மெக்சிகோவில் ஒருத்தி நோயாய்க் கிடந்தால் அமெரிக்காவில் அவள் வீட்டுக்காரன் வாடகை கேட்காமல் இருப்பானா? கரண்ட் பில் வராதா? உடம்புதான் எல்லை தாண்டியது. செலவு அங்கேயேதான் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். அதே அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணத்தை வைத்து, வேலை செய்ய முடியாமல் போனவருக்குக் கொடுப்பது. அதை வாங்குகிற குடிமகன் உலகத்தில் ஏறக்குறைய எங்கே போய் உட்கார்ந்தாலும் பணம் பின்னாலேயே போகும். கியூபா, வடகொரியா என்று சில இடங்கள்தான் தடை. முப்பது நாள் கணக்கு அவருக்கில்லை.

ஒரே ஊனம். ஒரே நாடு. ஒருத்தர் போகலாம், ஒருத்தர் போகக்கூடாது. ஏன்? இவர் வாங்குவது ‘அவர் போட்ட பணம்’, அவர் வாங்குவது ‘நாங்க போட்ட பிச்சை’. இதுதான் சட்டத்துக்குள் இருக்கும் மனசு.

சம்பளப் பதிவேட்டில் பேர் ஏறாதவர்கள் யார்? பிறவியிலேயே உடம்பு முடியாதவர்கள். வீட்டுக்குள் உழைத்தே தேய்ந்த பெண்கள். இன்னும் ஒரு கூட்டம் உண்டு. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தினார்கள். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்த வேலைகள் அவைதாம். 1950-லும் 1954-லும்தான் திருத்தம் வந்து அவர்கள் உள்ளே வந்தார்கள். அதுவரை உழைத்த உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. முதலில் கணக்கில் சேர்க்காமல் விடுவது, பிறகு ‘நீ கணக்கில் இல்லாதவன்தானே’ என்று கயிறு கட்டுவது. இந்த வித்தையை யாரும் நமக்கு விளக்கத் தேவையில்லை.

கயிறு வெளிநாட்டோடு முடிந்தால் பரவாயில்லை. சொந்தக் கொடி பறக்கும் மண்ணிலேயே அது இறுக்குகிறது. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பிடுங்கிய தீவு போர்ட்டோ ரிக்கோ. 1917 முதல் அங்குள்ளவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். நியூயார்க்கில் விமானம் ஏறினால் இறங்கலாம். ஆனால் எஸ்.எஸ்.ஐ. சட்டத்தில் ‘அமெரிக்கா’ என்ற சொல்லுக்குள் போர்ட்டோ ரிக்கோ வராது. அங்கே குடிபோனால் ‘நாட்டுக்கு வெளியே’ போனதாகக் கணக்கு. கனெக்டிகட் மாநிலத்தில் பணம் வாங்கிக்கொண்டிருந்த டோரஸ் என்பவர் தீவுக்குப் போனார், பணம் நின்றது. அஸ்னவோரியன் தீர்ப்புக்குப் பத்து மாதம் முந்தி, 1978 பிப்ரவரியில், அவருக்கும் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது.

நாற்பது வருசம் கழித்து அதே கதை. ஹோசே லூயிஸ் வயெல்லோ மடேரோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, 1985-இல் நியூயார்க் போய், அங்கே வாழ்ந்து, கடும் நோயில் விழுந்து 2012 முதல் எஸ்.எஸ்.ஐ. வாங்கியவர். 2013-இல் தீவிலிருந்த மனைவியைப் பார்த்துக்கொள்ள லோயிசா என்ற ஊருக்குக் குடிபோனார். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த ஊர் அது. பணம் வந்துகொண்டிருந்தது. 2016-இல் நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு விடவில்லை. 2017-இல் அரசே அவர் மேல் வழக்குப் போட்டது: நீ ‘வெளியே’ இருந்த காலத்தில் வாங்கிய 28,081 டாலரைத் திருப்பிக் கொடு. நோயாளி மனுசனிடம், உலகத்தின் பெரும் பணக்கார அரசு கேட்கிறது!

மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகச் சொன்னன. 2022 ஏப்ரல் 21 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அரசின் பக்கம் சாய்ந்தது. காரணம்? தீவில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மத்திய வருமான வரி கட்டுவதில்லை, அதனால் சலுகையிலும் வேறுபாடு காட்டலாமாம். வருமானம் மிகக் குறைவு என்று நிரூபித்தால்தான் எஸ்.எஸ்.ஐ. கிடைக்கும். அவனிடம் வருமான வரி கட்டினாயா என்று கேட்பது என்ன நியாயம்? நியூயார்க்கில் இதே பணம் வாங்குகிறவன் மட்டும் வரி கட்டியா வாங்குகிறான்? பசிபிக் கடலில் வட மரியானா தீவுகள் இருக்கின்றன. அங்கும் பெரும்பாலும் மத்திய வருமான வரி இல்லை. எஸ்.எஸ்.ஐ. மட்டும் உண்டு. வரிதான் காரணம் என்றால் இது எப்படி? போர்ட்டோ ரிக்கோவில் பெற்றோர் பிறந்த நீதிபதி சோட்டோமேயர் ஒருவர்தான் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார்.

வேரைத் தோண்டினால் 1901-க்குப் போகவேண்டும். தீவிலிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழத்துக்கு இறக்குமதி வரி போடலாமா என்றொரு வழக்கு. போடலாம் என்றது நீதிமன்றம். தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்கா ஆகாது என்பது அதன் சாரம். அங்கே இருப்பது வேற்று இனங்கள், நம் சட்டம் அவர்களுக்கு உடனே பொருந்தாது என்று எழுதிய நீதிபதி பிரவுன்தான், 1896-இல் கறுப்பர்களுக்குத் தனி ரயில் பெட்டி சரி என்று எழுதியவர். ஒரே பேனா. 2022-இல் அரசின் பக்கம் வாக்களித்த நீதிபதி கோர்சச்கூட, அந்த 1901 தீர்ப்புகள் இன வெறுப்பின் மேல் நிற்கின்றன, தூக்கி எறியவேண்டும் என்று தனியாக எழுதினார். எழுதினார், அவ்வளவுதான். வயெல்லோ மடேரோவுக்குப் பணம் வரவில்லை.

ஊரின் எல்லைக்குள் இருக்கிறாய், ஆனால் ஊரில் சேர்த்தி இல்லை. ‘காலனி’ என்ற சொல்லுக்கு நமக்கு அகராதி தேவையில்லை.

சில நல்லவர்களே கேட்பார்கள்: ‘பாரின் போகத் தெம்பு இருக்கிறவனுக்கு வேலை செய்யத் தெம்பில்லையா? இது ஏமாத்து இல்லையா?’ விமானத்தில் உட்கார்ந்து போவது எட்டு மணி நேரக் கூலி வேலையா? சக்கர நாற்காலியில் ஒருத்தரை ஏற்றி இறக்கி, பிள்ளையோ தங்கையோ டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போனால் உடனே ஊனம் பொய்யாகிவிடுமா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முப்பது நாளுக்குள் போய்வர அது விடுகிறது. சட்டத்தை விடக் கொடியது அக்கம்பக்கத்துச் சந்தேகம். ஏழை சிரித்தாலே கணக்குக் கேட்கிற புத்தி அது. இத்தனைக்கும் எஸ்.எஸ்.ஐ. வாங்கும் தனி ஆள் சாதாரண வங்கிக் கணக்கில் 2,000 டாலருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 1989-இல் வைத்த வரம்பு அது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது. டிக்கெட்டுக்கென்று சேர்த்த காசும் அந்தக் கணக்கில்தான் விழும். சேர்க்கவும் விடமாட்டான், போகவும் விடமாட்டான்.

‘அமெரிக்காக்காரன் கதை நமக்கெதுக்கு?’ என்று கேட்கும் இளைய தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு நலத்திட்டம் உரிமையா தர்மமா என்று தெரிய வேண்டுமானால் அதன் தொகையைப் பார்க்காதே. வாசலைப் பார். வாங்குகிறவர் வெளியே போனால் என்ன ஆகிறது என்று பார். உரிமை ஆளோடு கூடவே போகும். தர்மம், கொடுக்கிறவன் கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரைதான்.

ஆகவே எந்த உதவித்தொகைக்குக் கோரிக்கை எழுதினாலும் மூன்று கேள்வியை மேலே எழுதுங்கள். வாங்குகிறவர் ஊர் மாறினால் பணம் நிற்குமா? நோயோ சாவோ வந்து திரும்பத் தாமதமானால் யார் மன்னிப்பது? தவறாகக் கொடுத்தோம் என்று பின்னால் வந்து பிடுங்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறதா? தொகையைக் கூட்டச் சொல்லிப் போராடுவது பாதி வேலை. கயிற்றை அறுக்கச் சொல்லிப் போராடுவதுதான் மீதி.