மின்சாரத்தை நிறுத்துகிறவருக்கு மூச்சின் பொறுப்பும் உண்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று வெறிகொண்டு வீசும் நாளில், காய்ந்த காட்டின் மேல் போகும் கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்துவதை நான் எதிர்க்கவில்லை. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்தில் வீடு வீடாகப் போய், ஆக்சிஜன் உதவியோடு வாழும் நுரையீரல் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காட்டுத்தீயின் புகை ஊரில் இறங்கும் வாரங்களில் அவர்கள் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள் நான். தீயைத் தடுக்கும் எந்த முயற்சியையும் லேசில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் கேள்வி வேறு. மின்சாரத்தை நிறுத்தும் முடிவை மின் நிறுவனம் எடுக்கிறது. அதற்கான விலையை வீட்டில் இருப்பவர் கொடுக்கிறார். இது எப்படி நியாயம்?

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நினைவுக்கு வரலாம். ஊர்ப் பெயர்களோடு முதல் நாளே பத்திரிகையில் அறிவிப்பு வரும். காலை 9 மணிக்குப் போனால் மாலையில் வந்துவிடும். இங்கே நடப்பது அப்படி அல்ல. கலிபோர்னியாவில் கோடை முழுக்க ஏறக்குறைய மழையே கிடையாது. அக்டோபர் வரும்போது புல்லும் புதரும் சருகாகி நிற்கும். அந்த நேரம் பார்த்து வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று மலையைத் தாண்டி இறங்கும். வடக்கே இதற்கு டயாப்லோ காற்று என்று பெயர், தெற்கே சான்டா ஆனா. ஒரு கிளை கம்பியில் விழுந்தாலோ, கம்பி அறுந்து விழுந்தாலோ போதும், ஒரு பொறியில் மலையே பற்றிக்கொள்ளும். அதனால்தான் காற்று வருமுன்பே மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். எப்போது திரும்ப வரும் என்பது காற்றைப் பொறுத்தது. காற்று ஓய்ந்த பிறகும் உடனே வராது. நிறுத்திய கம்பிகளை நடந்தும் வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் பார்த்து, சேதம் இருந்தால் சரிசெய்த பிறகுதான் இணைப்பு. இரவில் காற்று நின்றால் பொழுது விடியக் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள், மூன்று நாள் என்று நீள்வது இப்படித்தான்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேச முடியாது. 2018 நவம்பர் 8ஆம் தேதி காலை, பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்கோபுரம் ஒன்றில் கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி தேய்ந்து முறிந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுப் பழைய தடம் அது. அன்றைக்கே பாரடைஸ் என்ற ஊர் எரிந்து போனது. 85 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். காற்று வரும் என்று அந்நிறுவனத்துக்குத் தெரியும். மின்சாரம் நிறுத்தப்படலாம் என்று சுற்றுவட்டார மக்களுக்கு முன்னறிவிப்பும் கொடுத்திருந்தது. கடைசியில் நிறுத்தவில்லை. 2020 ஜூனில், இறந்தவர்களில் 84 பேரின் மரணத்துக்குக் காரணமானதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2019 ஜனவரியில், திவால் பாதுகாப்பு கேட்டு மனு செய்திருந்தது.

நிறுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் மாநிலத்து லஹைனாவும் சாட்சி. 2023 ஆகஸ்டில் அந்த ஊர் எரிந்து நூறு பேருக்கு மேல் இறந்தபோது, அங்கிருந்த மின் நிறுவனத்திடம் முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்தும் திட்டமே கிடையாது. அடுத்த ஆண்டுதான் கொண்டுவந்தார்கள்.

இனி மறுபக்கம். 2019 அக்டோபர் 9ஆம் தேதி தொடங்கி, வடக்கு, மத்திய கலிபோர்னியாவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகளை பசிபிக் கேஸ் நிறுவனம் துண்டித்தது. மாதக் கடைசியில் இன்னும் பெரிய சுற்று, ஒன்பது லட்சத்துக்கும் மேல். ஓர் இணைப்பு என்பது ஒரு மீட்டர். அதன் பின்னால் ஒரு குடும்பம் இருக்கலாம், ஓர் அடுக்குமாடி இருக்கலாம், ஒரு முதியோர் இல்லம் இருக்கலாம். எங்கே போகும், எப்போது போகும் என்று பார்க்க மக்கள் ஒரே நேரத்தில் நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போக, அது முடங்கியது. முன்னறிவிப்பே கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில். மருத்துவக் கருவியை நம்பி வாழ்பவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே மாதம், மின் வினியோகக் கம்பிகள் அணைக்கப்பட்டிருந்த சோனோமா கவுண்டியில், அணைக்காமல் விட்ட உயரழுத்தத் தடம் ஒன்றிலிருந்து கின்கேட் தீ கிளம்பியது. இருட்டும் வந்தது, தீயும் வந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்டோபர் 9 சுற்று முடிந்து கம்பிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றால் சேதம் ஏற்பட்டிருந்தது. அவற்றில் எது அடுத்த பாரடைஸ் ஆகியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? ஆகவே நிறுத்தியதே தவறு என்று வாதிடுவோரோடு நான் சேரமாட்டேன்.

நான் பேசுவது வரவு செலவுக் கணக்கைப் பற்றி. தனியார் மின் நிறுவனத்தின் கம்பியால் தீப்பிடித்தால், அதன் அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் சொத்துச் சேதத்துக்கு அந்த நிறுவனமே ஈடு கட்ட வேண்டும் என்பது கலிபோர்னியா நீதிமன்றங்கள் கடைப்பிடித்துவரும் கொள்கை. தீ என்றால் செலவு நிறுவனத்துக்கு, பல நூறு கோடி டாலர் கணக்கில். மின்சாரத்தை நிறுத்தினால்? கெட்டுப்போன இறைச்சி கடைக்காரருக்கு, போன கூலி கூலிக்காரருக்கு, ஜெனரேட்டரும் டீசலும் வாங்கும் செலவு வீட்டுக்காரருக்கு, மூச்சு முட்டுவது நோயாளிக்கு. ஒரு பக்கம் செலவு மலைபோல் இருக்க, மறுபக்கம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதபோது, சந்தேகம் வந்தாலே அணைத்துவிடு என்றுதான் எந்த நிர்வாகமும் முடிவெடுக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், அந்தக் கதவும் சாத்தப்பட்டிருக்கிறது. நிறுவனம் கம்பிகளை ஒழுங்காகப் பராமரிக்காததால்தான் 2019இல் மின்சாரத்தை நிறுத்த நேர்ந்தது என்று சொல்லி, 250 கோடி டாலர் இழப்பீடு கேட்டு ஒரு கூட்டு வழக்கு தொடரப்பட்டது. பயனீட்டுச் சேவைகளைக் கண்காணிக்கும் மாநில ஆணையத்தின் அதிகாரத்தில் இது குறுக்கிடும், ஆகவே இந்த வழக்கை நடத்த முடியாது என்று 2023 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் நோயாளிக்கும் கடைக்காரருக்கும் மிச்சமிருக்கும் ஒரே இடம் அந்த ஆணையம்தான். அது என்ன செய்தது? 2019 குளறுபடிகளுக்காக 2021இல் 10.6 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆளுநர் கேவின் நியூசம் வற்புறுத்தியதால், வீட்டுக்கு 100 டாலர், சிறு கடைக்கு 250 டாலர் என்று ஒரு சுற்றுக்கு மட்டும் கட்டணத்தில் கழித்துக் கொடுத்திருந்த 8.6 கோடியை அதிலேயே வரவு வைத்துக்கொண்டது. நிறுவனத்தின் கையை விட்டுக் கூடுதலாகப் போனது சுமார் 2 கோடி.

என் வேலையில் ஒரு நாள் மின்சாரம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று சொல்கிறேன். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்பது சிறிய அலமாரி உயரத்தில், சக்கரம் வைத்து, நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் கருவி. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும். கரன்ட் போன அந்த நொடியே அலாரம் அடிக்கும். நோயாளி சிலிண்டருக்கு மாற வேண்டும். அதற்கு ஒரு சிறு திருகுச் சாவி உண்டு. அதை ரெகுலேட்டரிலேயே கயிறு போட்டுக் கட்டிவிட்டு வருவது என் வழக்கம், இருட்டில் தேடக் கூடாது என்று. வீட்டில் வைத்துக்கொள்ளும் சிலிண்டர் ஒன்றில் சுமார் 680 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற அளவில் திறந்துவைத்தால் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 48 மணி நேரத்துக்கு ஒன்பது சிலிண்டர் வேண்டும். ஒவ்வொன்றும் மூன்றரை கிலோவுக்கு மேல். ஐந்தரை மணிக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், டார்ச் வெளிச்சத்தில், கை நடுக்கத்தோடு மாற்ற வேண்டியவர் எண்பது வயதுக்காரர். கையடக்க பேட்டரி கொடுக்கிறார்களே என்பார்கள். கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். 500 வாட்-மணி பேட்டரி ஒன்றரை மணி நேரம் ஓடினாலே அதிகம்.

மருத்துவக் கருவி வைத்திருப்போருக்கு என்று மின் நிறுவனத்திடம் ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் கொடுத்தால் கட்டணச் சலுகை உண்டு. மின்சாரம் நிறுத்துமுன் கூடுதலாகத் தகவலும் வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பைன் மரங்களுக்கு நடுவே, நகர்த்தக்கூடிய வீடுகள் வரிசையாக நிற்கும் மொபைல் ஹோம் பார்க் ஒன்றில் நான் பார்த்துவந்த ஒரு பெரியவரைச் சொல்ல வேண்டும். பழைய பார்க்குகள் பலவற்றில் மின் நிறுவனத்தின் மீட்டர் மொத்த இடத்துக்கும் ஒன்றுதான், அதுவும் இடத்து உரிமையாளர் பெயரில். குடியிருப்பவர் நிறுவனத்தின் நேரடி வாடிக்கையாளர் அல்ல. முன்னறிவிப்பு உரிமையாளரின் போனுக்குப் போனது. அவர் இருந்தது வேறு ஊரில். பெரியவருக்குத் தெரிய வந்தது அலாரம் அடித்தபோதுதான். பக்கத்து வீட்டு அம்மா தன் காரிலேயே அவரை ஏற்றி, கரன்ட் இருந்த ஊரில் தன் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இங்கே எந்தத் தனி மனிதரும் தவறு செய்யவில்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருந்தது. ஊருக்குள் பணக்கார வீடுகளில் சுவரில் பேட்டரியும் கூரையில் சோலாரும் உண்டு. மின்சாரம் இல்லாத இரவின் முழுப் பாரமும் இறங்குவது இப்படிப்பட்ட பார்க்குகளில்தான்.

நோயாளி அல்லாதவர்களுக்கும் இது வெறும் விளக்கு இல்லாத இரவு அல்ல. மலைப் பகுதியில் பல வீடுகளுக்குக் கிணற்று மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். கரன்ட் இல்லையென்றால் குடிக்கவும் இல்லை, தீயை அணைக்கவும் இல்லை. 2019 அக்டோபர் கடைசியில் மரின் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. ஊரைக் காலி செய்யச் சொல்லும் எச்சரிக்கை அந்தப் போனில்தான் வர வேண்டும். 2017 அக்டோபரில் வடக்கு கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயில் மின்சாரம் இல்லாமல் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிக்கியவர்கள் உண்டு. அதன் பிறகு, புதிதாக விற்கும் தானியங்கிக் கதவுக்கு பேட்டரி கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். கதவுக்குச் சட்டம் போட முடிந்தது, மூச்சுக்குப் போட முடியாதா?

கம்பிகளைப் பூமிக்கடியில் புதைப்பதுதான் நிரந்தரத் தீர்வு என்பார்கள். 2021 ஜூலையில், டிக்ஸி என்ற காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோதே, 10,000 மைல் கம்பியைப் புதைக்கப் போவதாக பசிபிக் கேஸ் அறிவித்தது. மைலுக்குப் பல லட்சம் டாலர் ஆகும்; ஆண்டுகள் பல பிடிக்கும்; செலவு எங்கள் கட்டணத்தில்தான் ஏறும். புதைக்கட்டும். எண்பது வயதுக்காரருக்கு அவ்வளவு ஆண்டுகள் கையில் இல்லை. நிறுத்தும் பரப்பு 2019க்குப் பிறகு வெகுவாகக் குறைந்திருப்பது உண்மை. தடங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து அணைக்கும் சுவிட்சுகளும் புதிய வானிலைக் கருவிகளும் செய்த நன்மை அது. ஆனால் எண்ணிக்கை குறையக் குறைய, மிஞ்சியிருக்கும் மலைவாசிகளின் குரலும் சிறுத்துக்கொண்டே போகிறது. அதே வீடுகளில்தான் வருடா வருடம் மின்சாரம் போகிறது.

நான் கேட்பது மூன்று. மருத்துவப் பட்டியலில் உள்ள வீட்டில், சுவிட்சை அணைக்குமுன் அந்தக் கருவியை 72 மணி நேரம் ஓட்டக்கூடிய பேட்டரியோ, ஜெனரேட்டரோ, போதிய சிலிண்டரோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குறுஞ்செய்தி அனுப்பிவிட்டோம் என்பது கணக்கில் வரக் கூடாது. அது முடியாத வீட்டுக்கு வண்டியும், கரன்ட் உள்ள இடத்தில் அறையும் நிறுவனத்தின் செலவில் கொடுக்கப்பட வேண்டும். அடுத்து, 24 மணி நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் தானாகவே கட்டணக் கழிவு வேண்டும். யாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லாமல், ஆளுநர் வற்புறுத்தத் தேவையில்லாமல். அந்தப் பணம் பங்குதாரர்களின் லாபத்திலிருந்து வர வேண்டும். அடுத்த ஆண்டு எங்கள் கட்டணத்தில் ஏறக் கூடாது. அப்போது ஹெலிகாப்டர்களும் சோதனை ஆட்களும் இன்னும் கூடுதலாகத் தயாராக நிற்பார்கள் என்று நம்புகிறேன். மூன்றாவது, பட்டியலை மீட்டரைப் பார்த்து எழுதாமல் வீட்டு முகவரியைப் பார்த்து எழுத வேண்டும். ஒரே மீட்டரில் உள்ள பார்க்குகள் எவை என்பது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஜூன் மாதத்துக்குள் அங்கே ஆள் அனுப்பி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, உள்ளே என்ன கருவி ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். அந்த வீடுகளுக்கு வழிகாட்ட என்னைப் போன்றவர்கள் கூடவே வருவோம்.