தன்னம்பிக்கைக் கதைகள் மறைப்பவை

டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். ஐ.நா. பொதுச்சபை 1992இல் அறிவித்த இந்நாள் நெருங்கும்போது தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு மாற்றுத்திறனாளிகளின் நினைவு வந்துவிடுகிறது. காலால் ஓவியம் தீட்டுபவர், பார்வையின்றிப் பாடுபவர், சக்கர நாற்காலியில் நடனமாடுபவர் என ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து வரப்படுகின்றனர். சோக இசை ஒலிக்கிறது. நடுவர்களின் கண்கள் கலங்குகின்றன. கேமரா தாயின் முகத்தை நெருங்குகிறது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று தொகுப்பாளர் அறிவித்து முடித்ததும் விளம்பர இடைவேளை வருகிறது. மறுநாள் அவர்கள் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றனர். நெடுந்தொடர்களிலோ ஆண்டு முழுவதும் வேறொரு வழக்கம் நிலவுகிறது. கொடுமை செய்த வில்லன் கடைசியில் கை கால் செயலிழந்து படுக்கையில் விழுவான்; ஊனம் என்பது பாவத்தின் சம்பளம் என்ற பழைய கர்மவினைக் கோட்பாடு புதிய அரங்க அமைப்பில் மீண்டும் போதிக்கப்படும்.

ஒருவருடைய திறமையைப் பாராட்டுவதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்தப் பாராட்டின் சட்டகத்துக்குள் எது வருகிறது, எது வெளியே தள்ளப்படுகிறது என்பது அரசியல் கேள்வி.

ஹைதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்தில், போவன்பள்ளியை ஒட்டிய மனோவிகாஸ் நகரில் ஒன்றிய அரசின் நிறுவனமொன்று உள்ளது. 1984இல் 'மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம்' என்ற பெயரில் தொடங்கப்பட்ட அது, இன்று அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் என்று பெயர் மாற்றம் பெற்றிருக்கிறது. குழந்தைகளின் நிலையை மதிப்பிடுவது, சிறப்பாசிரியர்களை உருவாக்குவது, பேச்சுப் பயிற்சியும் இயன்முறை சிகிச்சையும் அளிப்பது, பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பது ஆகியவை அதன் பணிகள். அங்கு நடப்பது தொலைக்காட்சிக்கு ஏற்ற காட்சியே அல்ல. பல் துலக்குவது, சட்டைப் பொத்தானைப் போடுவது, கடையில் சில்லறையை எண்ணி வாங்குவது ஆகிய ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரு படி கைவந்த பின்னரே அடுத்த படி கற்பிக்கப்படுகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் உழைப்பு அது. அதைத் தொடர வேண்டியவர் பெரும்பாலும் தாய். வீடு திரும்பிய பின் அவருக்குத் துணையாக அரசும் இல்லை, ஊராட்சியும் இல்லை. அவர் இழக்கும் கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் சுமார் 15 லட்சம் பேர். இந்த எண்ணிக்கைக்கு முன் போவன்பள்ளி நிறுவனமும் அதன் சில வட்டார மையங்களும் எம்மாத்திரம்? அத்தகைய மையம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏன் இல்லை என்று எந்தத் தொகுப்பாளரும் மேடையில் கேட்டதில்லை.

இதே தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்தில் கல்லெடா கிராமத்தைச் சேர்ந்த தீப்தி ஜீவன்ஜி, 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கின் 400 மீட்டர் ஓட்டத்தில், அறிவுசார் குறைபாடு உடையோருக்கான டி20 பிரிவில், வெண்கலம் வென்றார். அதே ஆண்டு மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 55.07 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்திருந்தார். மகத்தான வெற்றி, நாடே பெருமைப்பட்டது நியாயம். ஊரார் அவரைக் கேலி செய்ததையும் அவர் அழுதபடி வீடு திரும்பியதையும் தொலைக்காட்சிகள் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. பெற்றோர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் என்ற செய்தியும் வந்தது. ஆனால் கதைக்குச் சோகம் கூட்டும் பின்னணியாக மட்டுமே வந்தது. குடும்பம் விற்க நேர்ந்த துண்டு நிலத்தை, 2023 ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் மகள் வென்ற தங்கத்துக்குக் கிடைத்த பரிசுப் பணத்தால்தான் மீட்க முடிந்தது. மகள் சர்வதேசப் பதக்கம் வென்றால்தான் கூலித் தொழிலாளி தன் நிலத்தை மீட்க முடியும் என்றால், அது கிராமப்புறக் கூலியின் நிலையைப் பற்றிய கதை. கல்லெடாவைப் போன்ற கிராமங்களில் இதே குறைபாட்டுடன் பிறந்து, ஓட்டத்தில் சிறக்காத குழந்தைகள் எந்தத் திரையிலும் வரப்போவதில்லை.

தனிமனிதரின் மன உறுதி ஒருபுறம், விதி மறுபுறம் என்று கதையை அமைத்துவிட்டால் இடையில் இருக்க வேண்டிய அரசு, முதலாளி, பள்ளி, பேருந்து, கூலி அனைத்தும் காணாமற்போகின்றன. அவரால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது என்ற கேள்வி, வேலை கேட்டு வரிசையில் நிற்கும் மாற்றுத்திறனாளியை நோக்கித் திரும்புகிறது. பார்வையாளருக்கோ தன் வாழ்க்கை பரவாயில்லை என்ற ஆறுதல் கிடைக்கிறது. விளம்பரதாரருக்கு வேண்டியதும் அதுவே.

அக்கறையோடு எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகளும் இந்த வரம்பைத் தாண்டுவதில்லை. 2012இல் அமீர்கான் தொகுத்து வழங்கிய 'சத்யமேவ ஜயதே' தொடர், தூர்தர்ஷனிலும் தனியார் அலைவரிசைகளிலும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஒளிபரப்பானது. மாற்றுத்திறனாளிகள் பற்றிய பகுதி பள்ளிகளின் புறக்கணிப்பையும் படிக்கட்டுகளின் கொடுமையையும் கோடிக்கணக்கானோர் முன் வைத்தது; அது அதன் சிறப்பு. ஆயினும் தொடரின் அமைப்பே பார்வையாளரைத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை அனுப்பும்படி அழைப்பதாக இருந்தது. கொடைப் பங்காளி ரிலையன்ஸ் அறக்கட்டளை.

நன்கொடைத் தொலைக்காட்சி எங்கு கொண்டுபோய் விடும் என்பதை பிரிட்டனின் அனுபவம் காட்டியது. அங்கு ஐடிவி அலைவரிசை 'டெலிதான்' என்ற பெயரில் மணிக்கணக்கில் நீளும் நிதி திரட்டும் நிகழ்ச்சியை நடத்தி வந்தது. பரிதாபத்தைத் தூண்டும் காட்சிகளால் பணம் வசூலிக்கப்பட்டது. 1992இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் லண்டனில் அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் முன் திரண்டு, பரிதாபம் வேண்டாம், உரிமை வேண்டும் என்று முழங்கினர். அதன்பின் அந்த நிகழ்ச்சி திரும்பி வரவேயில்லை. பேருந்துகளை மறித்தும் தெருக்களில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டும் தொடர்ந்த அந்த இயக்கத்தின் அழுத்தத்தால் 1995இல் ஊனத்தின் பெயரிலான பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. போராடியவர்கள் கேட்டது முழுமையான குடியுரிமைச் சட்டம், கிடைத்தது குறைவுதான். முப்பது ஆண்டுகள் கழித்து, 2022இல், அந்தப் போராட்டத்தையே பிபிசி நாடகமாக்கியது. அதன் கதாசிரியர்களில் ஒருவரும் முதன்மை நடிகையும் மாற்றுத்திறனாளிகள். போராடும் மாற்றுத்திறனாளியைத் தொலைக்காட்சியால் காட்ட முடியும் என்பதற்கு அது சான்று.

இந்தியாவில் நிலைமை வேறு. முதுகுத்தண்டு தசைநார் சிதைவு நோய் உள்ள குழந்தைகளுக்காக 16 கோடி ரூபாய் ஊசி மருந்து வாங்க நிதி கேட்கும் செய்திகள் 2021 முதல் தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் வந்தன. பெற்றோர் கைகூப்பி நின்றனர். மக்கள் தாராளமாகக் கொடுத்தனர். அந்த மனிதநேயம் போற்றத்தக்கது. ஒரு ஊசிக்கு ஏன் 16 கோடி என்று கேட்கும் விவாதம் மட்டும் அரிதாகவே நடந்தது. விடையின் ஒரு பகுதி ஹைதராபாத்திலிருந்து வந்தது. இதே நோய்க்கான ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்தின் காப்புரிமையை முன்வைத்து, பன்னாட்டு நிறுவனமான ரோஷ், ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்தைத் தடுக்க முயன்றது. 2025 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் ரோஷின் கோரிக்கையை ஏற்க மறுத்தன. சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்த ஒரு குப்பி மருந்துக்கு நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். நாட்கோவும் லாபத்துக்காக இயங்கும் நிறுவனமே. 15,900 ரூபாயும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டாத தொகையே. ஆனால் காப்புரிமைச் சுவரில் விழுந்த ஒரு விரிசல் சாதித்ததை ஆயிரம் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் சாதித்திருக்க முடியாது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்திய இணைய நகைச்சுவையாளர்கள் மாதம் இரண்டு நிகழ்ச்சிகளேனும் நடத்தி, மாற்றுத்திறனாளிகளின் வெற்றிக் கதைகளைக் காட்டி, இந்நோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்ட வேண்டும் என்று கூறியது. நோக்கம் நல்லதே. ஆனால் சிகிச்சை அளிக்கும் கடமை அரசிடமிருந்து கேளிக்கை மேடைக்கு மாற்றப்படுவதை எப்படி ஏற்க இயலும்?

இத்தனைக்கும் 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் அதே உச்சநீதிமன்றம் திரைப்படங்களுக்கும் காட்சி ஊடகங்களுக்கும் தெளிவான நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. குறைபாட்டைத் தனிமனிதப் பிரச்சனையாகச் சுருக்கி, சமூகத் தடைகளை மறைக்கும் மொழி தவிர்க்கப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகளை அதிசயப் பிறவிகளாகச் சித்தரிப்பதும் தவறு. அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களின் பங்கேற்பு வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரணை, சைகை மொழி, வசன எழுத்துகள் ஆகியவற்றை உறுதிசெய்யும் பொறுப்பை அரசுக்கு அளிக்கிறது. பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆவது பிரிவோ, உழைக்கும் வர்க்கங்களின் உரிமைகளைப் பாதுகாப்பதையும் பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோரின் நலன் காக்கச் சிறப்பு நடவடிக்கை எடுப்பதையும் பொது ஒளிபரப்பின் கடமைகளாக எழுதி வைத்திருக்கிறது. உழைக்கும் மாற்றுத்திறனாளியின் வாழ்க்கையைக் காட்ட இதைவிட வெளிப்படையான ஆணை வேண்டியதில்லை. 1987இல் செவித்திறன் குறைந்தோருக்கான வாராந்திரச் செய்தியைத் தொடங்கிய தூர்தர்ஷன், இன்று ஆட்சியாளர்களின் விளம்பரப் பலகையாகச் சிறுத்துப் போயிருக்கிறது.

ஆட்சியாளர்களின் அக்கறை எத்தகையது என்பதும் திரையிலேயே பதிவாகியுள்ளது. 2015 டிசம்பரில் வானொலி உரையில் மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்' என்று, அதாவது தெய்வீக அங்கம் கொண்டோர் என்று, அழைக்கச் சொன்னார் பிரதமர் மோடி. உரிமை கேட்பவரைத் தெய்வமாக்கினால் உரிமை கொடுக்க வேண்டியதில்லை என்பதே இதன் சூட்சுமம். 2019 மார்ச்சில், கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கான திட்டத்தை ஒரு மாணவி காணொலியில் விளக்கியபோது, 40-50 வயதுக் குழந்தைக்கும் அது பயன்படுமா என்று கேட்டு, எதிர்க்கட்சித் தலைவரைக் கேலி செய்தவரும் அவரே. 2020 ஜூலையில், பெருந்தொற்றுக் காலத்தில், பொதுவெளியில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்துவதைத் தண்டிக்கும் 92ஆவது பிரிவை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தத்தை ஒன்றிய அரசு முன்மொழிந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான தேசிய மேடை உள்ளிட்ட அமைப்புகளின் எதிர்ப்பால் சில வாரங்களுக்குள் பின்வாங்கியது.

ஹைதராபாத்துடன் பிணைந்த இன்னொரு வாழ்க்கையும் உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் 90 விழுக்காடு ஊனமுற்று, சக்கர நாற்காலியில் இயங்கிய டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என்.சாய்பாபா 2014இல் கைது செய்யப்பட்டு, நாக்பூர் சிறையின் தனிமைக் கொட்டடியில் வைக்கப்பட்டார். தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் நீதிமன்றம் விடுவித்தது. அக்டோபர் 12 அன்று ஹைதராபாத் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. உடல் செகந்திராபாத்தின் காந்தி மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் அந்தச் சிறைக் கொடுமையைக் கண்டித்தனர். மன உறுதிக் கதைகளைத் தேடி அலையும் அலைவரிசைகளுக்கு அவருடைய மன உறுதி மட்டும் கண்ணில் படவில்லை. நடுக்குவாத நோயுற்ற ஸ்டான் சுவாமி, சிறையில் தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கோப்பைக்காக நீதிமன்றத்தை நாட நேர்ந்ததும் அவர்களுக்குக் கதையாகவில்லை.

ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் 2012 முதல் மாதம் 300 ரூபாயில் நிற்கிறது. 80 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுற்ற, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டுமே அதுவும். பெறுவோர் நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பேர். எஞ்சிய சுமை மாநிலங்களின் தலையில். ஆந்திரத்தில் 2024 முதல் 6,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தெலங்கானாவில் 2023இல் 4,016 ஆக உயர்ந்தது. அதை மேலும் உயர்த்துவதாக அவ்வாண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வாக்களித்தது. தமிழ்நாட்டில் 2023இல் 1,500 ஆன தொகையை ஆந்திரத்துக்கு இணையாக்கக் கோரி தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தொடர்ந்து களத்தில் நிற்கிறது. அச்சங்கத்தினர் சாலையில் அமர்ந்து மறியல் செய்து, வேன்களில் ஏற்றப்படும்போது அலைவரிசைகளுக்கு அது போக்குவரத்துச் செய்தி.

கட்சித் தோழர்கள் இப்போராட்டங்களில் துணை நிற்பதோடு, கேட்க வேண்டிய கேள்விகளை ஊடகங்களிடமும் கேட்டாக வேண்டும். மாற்றுத்திறனாளிகளைக் குறித்த விவாதத்தில் அவர்களுடைய அமைப்பின் பிரதிநிதி ஏன் இல்லை என்று நிலையங்களுக்கு எழுதலாம். இழிவுபடுத்தும் தொடர்கள் மீது 92ஆவது பிரிவின்படி புகார் அளிக்கலாம். பிரசார் பாரதியின் சட்டக் கடமையை நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியே எழுப்பலாம். தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும், பராமரிக்கும் தாயின் உழைப்புக்கு ஊதியம் என்ற கோரிக்கையைத் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கிளைக் கூட்டங்கள் படிக்கட்டு இல்லாத இடத்தில் கூடட்டும். பொதுக்கூட்ட மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கட்டும். இந்த ஏற்பாடுகளை டிசம்பர் 3 வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.