பொத்திய வாயும் பொழியும் வசையும்



இரணியல் கடைத்தெருவில் தேநீர் அருந்தும் தொழிலாளத் தோழரின் கையிலே கைப்பேசி. கட்டைவிரல் அசைகிறது, கருத்துப் பறக்கிறது. கண்டு களிக்கிறோம். ஆனால், அந்தக் கருத்தைச் சுமந்து செல்லும் சொல்லைக் கண்டாலோ, களிப்புக் கரைகிறது!

இரணியல் அன்று திருவிதாங்கூர்ச் சீமை. அச்சீமையின் அடிமை மக்கள் எப்படிப் பேசவேண்டியிருந்தது என்பதைச் சாமுவேல் மெட்டீர் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார் 1871ல் வெளியிட்ட நூலிலே எழுதியிருக்கிறார். 'நான்' என்று சொல்லக்கூடாது. 'அடியன்' என்றே சொல்லவேண்டும். உண்ணும் சோற்றைச் சோறு எனக்கூடாது, கரிக்காடி எனவேண்டும். பெற்ற பிள்ளையைக் குரங்கு, கன்று என்று குறிப்பிடவேண்டும். அதையும் வாயைப் பொத்திக்கொண்டே சொல்லவேண்டும்! மூச்சுப் பட்டால் தீட்டாம்!

ஏன் இந்த ஏற்பாடு? விலங்கு காலைத்தான் கட்டும். சொல்லோ சிந்தையையே கட்டும். தன்னைத்தானே இழித்துச் சொல்லிச் சொல்லி, தான் இழிந்தவனே என்று ஒருவன் நம்பிவிடுவான். 1855ல் அடிமை முறை ஒழிந்தது. சட்டம் ஒரு நாளில் மாறிற்று. நாக்கு மாற நெடுங்காலம் ஆயிற்று.

அந்த நாக்கை மாற்றப் பாடுபட்டவர்கள் நாம். 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. ஸ்ரீ போய்த் திரு வந்தது. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளி ஆயினர். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

இந்த மரபிலே வந்த தோழர், முகநூலிலே மாற்றுக் கட்சிக்காரரின் சாதியைச் சொல்லி ஏசலாமா? எதிர்த்துப் பேசும் பெண்ணின் கொள்கையை விட்டு, ஒழுக்கத்தைப் பழிக்கலாமா? உடற்குறையைக் கேலிப்பொருள் ஆக்கலாமா?

"அவன் ஏசினான், நாமும் ஏசினோம்" என்பீர்கள். அந்தச் சொல் நம் முப்பாட்டன் முதுகில் விழுந்த சாட்டையல்லவா? அதையே எடுத்துச் சுழற்றுவதா வீரம்?

தேநீர்க் கடையில் சினந்து சொன்னது அந்தக் கடையோடு போகும். வாட்ஸ்அப்பில் இட்டது குழுவுக்குக் குழு தாவும். பத்து வயதுப் பிள்ளையும் படிக்கும். இதுதான் அரசியல் போலும் என்று பழகும்.

அடங்கிப் போங்கள் என்று சொல்லவில்லை. சுடச்சுட எழுதுங்கள். ஆதாரத்தை அடுக்குங்கள், எள்ளி நகையாடுங்கள். ஆனால் அனுப்புமுன் ஒரு கணம், வாய் பொத்தி நின்ற அந்த முன்னோரை எண்ணுங்கள். அந்தக் கையை விலக்கத் தலைமுறைகள் பாடுபட்டன. விலகிய வாயிலிருந்து வசையா வருவது?